சேதுக்கரையில் ஒரு ஸந்தேஹம்

உள்ளத்துக்குள் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை ஸேவிக்கக் கடற்கரை வரை போவானேன் என்று உத்ஸவ காலங்களில் ஸேவார்த்திகள் சிலர் அடியேனைக் கேட்பதுண்டு. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் இதற்கு விடை அருளியிருக்கிறார். அந்தர்யாமியாய் நிற்கும் நிலை பூமிக்குள் இருக்கும் நீர் போன்றது. தாகமெடுத்தவன் மண்வெட்டி தேடவேண்டும். அர்ச்சாவதாரமோ கண்ணெதிரே தேங்கி நிற்கும் மடு. ஆகவே அந்தக் கேள்வி அடியேனை வருத்தியதில்லை. வருத்தியது வேறொன்று.

அடியேனுடைய தகப்பனார் ஆண்டுதோறும் தை அமாவாஸ்யைக்குச் சேதுக்கரை சென்று ஸமுத்ர ஸ்நானமும் தர்ப்பணமும் செய்வார். பிறகு, திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருப்புல்லாணிக்கு வந்து, ஆதி ஜகந்நாதப் பெருமாளையும் தர்ப்பசயன ராமனையும் ஸேவிப்பார். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். பத்து வயது முதல் அடியேனும் உடன் சென்றேன். அலை இழுத்துவிடாதபடி அடியேன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பார்.

அவர் பரமபதித்து வருஷாப்திகமும் முடிந்தபின் தனியே சென்றேன். தர்ப்பணம் ஆகியும் கரையேற மனம் வரவில்லை. மணிக்கட்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன். திருப்புல்லாணி வந்தபோது நடை சாத்தியிருந்தது. மறுநாள் காலை ஊரில் கைங்கர்யம். மாலை வரை காத்திருக்க வழியில்லை. பேருந்தில் அமர்ந்த பிறகே உறைத்தது: நாள்தோறும் பெருமாளைத் தொட்டு ஆராதிக்கும் இவன், பெருமாளை விட்டுத் தகப்பனாரை ஸேவித்துத் திரும்புகிறான்.

இது பக்தியா, பாசமா? சரணமடைய வந்த விபீஷணன் உறவைத் துறந்தன்றோ அந்தக் கரையில் வந்து நின்றான்!

சில வருஷங்கள் இது உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. பின்பு ஒருநாள் பாராயணத்தில் யுத்தகாண்டம் வந்தது. ராவணன் மாண்டபின் அவனுக்கு ஸம்ஸ்காரம் செய்ய விபீஷணன் தயங்குகிறான். பகை மரணத்தோடு தீர்ந்தது, செய்யென்று பெருமாளே நியமிக்கிறார். துறந்த உறவை அவரே திருப்பிக் கொடுக்கிறார். அப்பால் புஷ்பக விமானத்தில் மீளும்போது, கீழேயுள்ள இடங்களைப் பிராட்டிக்குக் காட்டிவருகிறார். சேதுவைக் காட்டுகிறார், விபீஷணன் தம்மிடம் வந்தது அங்கேதான் என்கிறார். பல தடவை வாசித்த இடந்தான். அன்று மேலே செல்ல முடியவில்லை. ஸர்வலோகத்துக்கும் ஸ்வாமியானவர், ஒரு கரையை அங்கே தம்மிடம் வந்தவனைக் கொண்டு அடையாளம் சொல்கிறார்!

இதனால் நடை சாத்தும் வரை தாமதித்தது சரியாகிவிடாது. கைங்கர்யபரனுக்கு அது அபசாரமே. இப்போது விடியும் முன்னமே கடலில் இறங்கிவிடுகிறேன்.

தகப்பனார் நின்ற இடம் எதுவென்று நிச்சயமில்லை. மணல் மாறிக்கொண்டே இருக்கிறது. 1964 டிஸம்பர் புயலில் தனுஷ்கோடி என்னும் ஊரையே கொண்டுபோன கடலல்லவா! உத்தேசமாக ஓரிடத்தில் நின்று, "பெருமாளே, ஒருவர் இவனை உம்மிடம் அழைத்துவந்தது இங்கேதான்" என்று விண்ணப்பித்துவிட்டு, ஈர வஸ்த்ரத்தைப் பிழிந்துகொண்டு திருப்புல்லாணிக்கு நடக்கிறேன்.