மீன் காட்டும் கருவியும் கடலின் மறைப்பும்

புதுச்சேரி நகரின் வடபுறம் வைத்திக்குப்பம், தெற்கே வீராம்பட்டினம், நல்லவாடு. இந்தக் கரைகளின் சிறு ஃபைபர் படகுகளில் பொருத்தப்படும் இரண்டு கருவிகள் பழைய சமயக் கேள்வி ஒன்றைப் புதிதாக எழுப்புகின்றன. ஜிபிஎஸ், படகு நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஃபிஷ் ஃபைண்டர், படகுக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டும் தெரிந்த பிறகு, நல்ல மீன்பாடு கிடைக்கட்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொள்வதற்கு என்ன பொருள் மிஞ்சுகிறது? கருவி தரும் அறிவு அருளின் இடத்தை எடுத்துக்கொள்கிறதா?

விடை தேடுமுன் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிஷ் ஃபைண்டரின் உயிர், டிரான்ஸ்டியூசர் எனப்படும் சிறு குமிழில் இருக்கிறது. அது கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 30 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப 0.04 நொடி போதும். மீனின் உடலில் ஒலியை நன்றாகத் திருப்புவது அதன் காற்றுப்பை. சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையாது என்பதால் திரையில் அவை மங்கலாகவே விழும். சேற்றுத்தரை மெல்லிய கோடாகவும் பார் எனப்படும் பாறைத்தரை தடித்த கோடாகவும் தெரியும். திரையில் தெரியும் திரள் என்ன மீன் என்று கருவி சொல்வதில்லை. அதைப் படகிலிருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கரையில் இழுத்து ஏற்றப்படும் படகில் டிரான்ஸ்டியூசரை வெளியே அடியில் பொருத்தினால் மணல் அதைத் தேய்த்து உடைத்துவிடும். ஆகவே படகின் உட்புறத்தில், ஃபைபர் ஒற்றை அடுக்காக இருக்கும் இடம் பார்த்து, பசையில் ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்காதபடி ஒட்டுவது ஒரு வழி. கழியில் கட்டிப் பக்கவாட்டில் இறக்குவது இன்னொரு வழி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் தனி ஒயர், எஞ்சின் ஒயரிலிருந்து விலகி வர வேண்டும். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். ஆயுத பூஜையன்று எஞ்சினுக்கு வைப்பதுபோல இந்தப் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைக்கலாம். திரையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பு நம்பிக்கை இருந்தது, இப்போது அறிவு வந்துவிட்டது என்று இதைப் பிரித்துவிடுவது எளிது, அது சரியன்று. கருவி வருவதற்கு முன்னும் மீனவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகவில்லை. கரையில் தெரியும் கோபுரத்தையும் தென்னந்தோப்பையும் 1836இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் எத்தனை பாகம் ஆழம் என்று அளந்தார்கள். வாடைக்காற்றையும் கச்சான்காற்றையும் நீரோட்டத்தையும் விடிவெள்ளியையும் படித்தார்கள். இத்தனை அறிவும் கையில் இருந்தபோதே வேண்டுதலும் இருந்தது. எனவே அறிவு கூடினால் வேண்டுதல் குறைந்தே தீரும் என்பதற்கு இந்தக் கரையின் வரலாற்றில் சான்று இல்லை.

வேண்டுதல் எதைக் குறித்தது என்பதை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கதையே காட்டுகிறது. ஒரு மீனவரின் வலையில் மீனுக்குப் பதிலாக மரக்கட்டை ஒன்று சிக்கியது. விறகுக்காகக் கோடரியால் பிளந்தபோது அதிலிருந்து இரத்தம் கசிந்தது. கட்டையாக வந்தது அம்மன் என்று ஊர் அறிந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஆளுநரே வடம் பிடித்த ஆடித் தேரோட்டத்துக்குப் பின்னால் நிற்பது இந்தக் கதைதான். தேடியதைத் தருபவளாக அம்மன் இதில் வரவில்லை. தேடாதபோது தானே வந்து சேர்கிறாள். மீனின் இருப்பிடத்தைச் சொல்லும் செய்தியாக அருளை யாரும் கருதவில்லை என்பதால், அந்தச் செய்தியை ஒரு பெட்டி சொல்லிவிடுவதால் அருளுக்குக் குறைவு வந்துவிடாது. மேலும், கடலுக்குப் போகிறவருக்கு இரண்டு வேண்டுதல்கள் உண்டு: வலை நிறைய வேண்டும், ஆள் திரும்ப வேண்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இரண்டாவதே முதன்மையானது.

சைவ சித்தாந்தம் இதற்கு நல்ல கருத்துக்கருவி ஒன்றைத் தருகிறது. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். சக்கரம் நன்றாகச் சுழல்வதால் குயவர் தேவையற்றவராகிவிடுவதில்லை. ஃபிஷ் ஃபைண்டரும் ஜிபிஎஸ்ஸும் இந்த வரிசையில் சக்கரத்தின் பக்கம் நிற்பவை. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் நடந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்துவந்தது. அலை உயர முன்னறிவிப்புகள் ஒலிபெருக்கியில் அன்றாடம் வாசிக்கப்பட்டன. சுனாமி நாளில் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். அதே ஒலிபெருக்கியில் அறிவிப்பு போய், ஊர் கரையை விட்டு அகன்றது. அன்று காப்பாற்றியது ஒலிபெருக்கியா அம்மனா என்று கேட்பது, குடத்தைச் செய்தது சக்கரமா குயவரா என்று கேட்பது போலாகும்.

மறைந்திருந்ததைக் கருவி காட்டிவிடுவது நல்லதா என்ற கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. சித்தாந்தம் இறைவனின் தொழில்களை ஐந்தாகச் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றில் மறைத்தல் தண்டனை அன்று. உயிர் பக்குவப்படும் வரை உண்மையை மறைத்து நிற்பதும் அருளின் ஒரு வகையே என்பது மெய்கண்டார் வழிவந்தோர் விளக்கம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் புதுச்சேரிக்கு மேற்கே அதிகத் தொலைவில் இல்லை. அவர் பேசியது உயிரைப் பற்றி. மீனைப் பற்றி அன்று. ஆனாலும் மறைப்பு நன்மை செய்யக்கூடும் என்ற அந்த எண்ணம் கடலுக்கும் பொருந்துகிறது. கடல் தன்னிடமுள்ளதைக் காட்டாமல் வைத்திருந்ததால்தான் மீன் தப்பியது, முட்டையிட்டது, அடுத்த பருவத்தில் வலைக்கு வந்தது. மீனவர் அறியாமல் விட்ட மீனே அவருடைய வைப்புநிதியாக இருந்தது.

இந்த மறைப்பு படிப்படியாக விலகியிருக்கிறது. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் நீருக்குள் எதிரொலியைப் பிடிக்கும் முறையை வளர்த்தார். போருக்கான அந்த ஒலியை மீன்பிடிப்புக்குக் கொண்டுவந்து 1948இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை நடைமுறைப்படுத்தினர். அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியது. ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ், செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் சேரக்கூடிய பகுதிகளைத் தமிழிலும் அறிவிக்கிறது. ஒவ்வொன்றும் டீசலையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. திசை தவறிய படகை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. சிறு படகுக்காரருக்கு இதை மறுப்பது அநீதி. ஆனால் முன்பு கடல் வகுத்த எல்லையை இனி மனிதர்தான் வகுக்க வேண்டியிருக்கிறது.

அந்த எல்லை எப்படி இருக்கும் என்பதைப் பெரியபுராணத்தின் அதிபத்த நாயனார் காட்டுகிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் மீனவர் தலைவராயிருந்த அவர், பிடித்தவற்றில் ஒரு சிறந்த மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே மீன் அகப்பட்ட நாட்களில், வீடு பட்டினி கிடக்க, அதையும் விட்டார். இறுதியில் மணிகள் இழைத்த பொன்மீன் வலையில் ஏறியது, அதையும் விட்டார். இந்தக் கதையைப் பக்தியின் உறுதிக்காகச் சொல்வது வழக்கம். அதில் இன்னொன்றும் இருக்கிறது: கிடைத்ததெல்லாம் எடுத்துக்கொள்வதற்கே என்பதை அவர் ஏற்கவில்லை. லூக்கா நற்செய்தியிலும் இரவெல்லாம் வெறும் வலை இழுத்த பேதுருவுக்கு இடம் காட்டப்படுகிறது, வலை கிழியும் அளவுக்கு மீன் ஏறுகிறது. கரைக்கு வந்ததும் அவர் எல்லாவற்றையும் விட்டுப் போகிறார். இரண்டு மரபுகளிலும் பெரிய பாடு கைக்கு வந்த நேரமே விடுதலுக்குரிய நேரமாகிறது. மீன் எங்கே என்று தெரியாதவர் விடுவதற்கு எதுவும் இல்லை. தெரிந்தவருக்குத்தான் அந்தச் சோதனை. அந்த வகையில் கருவி மீனவரின் அறத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

தனிமனிதர் ஒருவரின் துறவை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. கடன் வாங்கி எஞ்சின் போட்டவரிடம் அதிபத்தரைப் போல் இரு என்று சொல்வது கொடுமை. தான் விட்டதைப் பக்கத்துப் படகு அள்ளிக்கொள்ளும் என்றால் எவரும் விடமாட்டார்கள். ஆகவே எல்லையை எல்லாரும் சேர்ந்தே போட வேண்டியிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு உண்டு. மீன் கூட்டத்தை வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை ஒட்டி 2021இல் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களிடையே மோதலே மூண்டது. தமிழகத்தில் அந்த வலைக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தபோது, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள், படகில் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மீனிருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் செயற்கைக்கோள் நுட்பம், படகு எங்கே நிற்கிறது என்பதை அரசுக்கும் சொல்லும்.

சிறு ஃபைபர் படகுகளைப் பொறுத்தவரை முடிவு பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. தேரோட்ட நாளிலும் ஊரில் சாவு விழுந்த நாளிலும் கடலுக்குப் போகக் கூடாது என்றால் எவரும் போவதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அம்மனின் பெயர் இருக்கிறது. பாரின் ஜிபிஎஸ் பாயிண்ட்டைத் தனிச் சொத்தாக மறைப்பதா, ஊருக்குச் சொல்வதா, மீன் முட்டையிடும் காலத்தில் எந்தப் பாரில் வலை போடாமல் விடுவது என்ற கேள்விகளையும் அதே பஞ்சாயத்து, அதே அம்மன் பெயரால் எடுத்துக்கொள்ள முடியும்.