கொடுக்க இயலாத நூல்

அச்சு நூலை விட்டு மின்னூலுக்கு மாறுவோரைக் குறை கூற நமக்கு மனமில்லை. கண்ணொளி மங்கிய முதியவர் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிப்பது சிறிய பேறன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், நம் இலக்கியங்களை எவரும் விலையின்றிப் பெற்றுப் பகிர வழி செய்தனர்.

விலைக்கு வாங்கும் மின்னூலின் நிலையோ பெரும்பாலும் வேறு. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே நீக்கியது. விற்பனைக்கு வைத்தவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பத் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும், '1984' நாவலைக் கற்றுவந்த மாணவர் ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள், நூல் மறைந்ததும் பயனற்றுப் போயின. (பழைய ஏடுகளை அரசே அழிப்பதைச் சொல்லும் நாவலுக்கா இக்கதி!)

பணம் திரும்பியதால் நீதி நிறைவேறிற்றா? உரிமையற்ற பதிப்பே ஆயினும், கடைக்காரர் நம் வீட்டினுள் புகுந்து அலமாரியிலிருந்து அதை எடுத்துச் செல்வதை நாம் ஏற்போமா? கருவியில் அது நடக்கக் காரணம், நாம் வாங்குவது நூலையன்று, படிக்கும் அனுமதியையே என்பதுதான். அத்தகைய அனுமதியைப் பொதுவாக இரவல் கொடுக்கவோ, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவோ இயலாது.

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். கைமாறிக் கைமாறித்தான் அதன் படி ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. பிறருக்குக் கொடுக்கத் தகும் எனத் தோன்றும் நூலை நாம் இன்னும் தாளிலேயே வாங்குகிறோம். மற்றவை கருவியில் இருக்கட்டும்.