குடும்பத்தைப் பிரித்தவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?



தன் கணவரைத் தன்னிடமிருந்து பிரித்ததாக இன்னொரு பெண் மீது குற்றம் சாட்டி, ஒரு மனைவி டெல்லி உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டார். வழக்குத் தொடர இடமுண்டு என்று 2025 செப்டம்பரில் நீதிமன்றம் சம்மன் அனுப்பியது. குற்றம் உண்மையா என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் 497ஆம் பிரிவை ரத்து செய்ததும் இனிக் கேட்பாரில்லை என்று நினைத்தவர்களுக்கு இது புதுச் செய்தி. மனைவியைக் கணவனின் உடைமைபோல் பார்த்த பழைய ஆங்கிலச் சட்டத்தில் முளைத்த வழக்கு இது. இங்கிலாந்து 1970இல் கைவிட்டுவிட்டது. அமெரிக்காவின் வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் இன்றும் உண்டு.

ஒருவரின் மனைவியை அவருக்கு எதிராகக் கெடுப்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இதை 'தக்பீப்' என்பார்கள். அப்படிப் பிரித்தவன் அவளையே நிகாஹ் செய்தால் அது செல்லாது என்பது மாலிக்கி மத்ஹப். மற்றவர்கள் பாவம், ஆனால் நிகாஹ் செல்லும் என்கிறார்கள்.

சரி, பணம்? ஃபிக்ஹில் ஒரு மஸ்அலா. கணவர் தலாக் சொன்னார் என்று இருவர் சாட்சி சொல்ல, காழி பிரித்துவைக்கிறார். பிறகு, பொய் சொன்னோம் என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் கணவருக்கு மஹர் மிஸ்ல், அதாவது அவளைப் போன்ற பெண்ணுக்குரிய மஹர், கொடுக்க வேண்டும். ஹனஃபியில், தாம்பத்தியத்துக்கு முன் என்றால் பாதி மஹர். பின் என்றால் ஒன்றுமில்லை. ஈடு மஹருக்குத்தான், பாசத்துக்கு இமாம்கள் விலை போடவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே கணவனும் மனைவியும் விரும்பாமலேயே உறவு அறுக்கப்பட்டது. கள்ள உறவிலோ கணவர் தன் காலால் நடந்து போகிறார். குர்ஆன் (4:21) உறுதியான உடன்படிக்கை என்று சொல்வதை மனைவியோடு செய்தவர் அவர்தான்.

பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

நம் மஹல்லாவில் பஞ்சாயத்துக்கு வருவதில் பலவற்றில் மூன்றாம் ஆள் காதலியோ காதலனோ அல்ல. மகளுக்குத் தினமும் போன் போட்டு, "இன்னைக்கு உன் மாமியார் என்ன சொன்னாங்க?" என்று கிளறும் தாய். மருமகளைப் பற்றி மகனிடம் ஓதிக்கொண்டே இருக்கும் அக்கா. தக்பீப் என்ற சொல்லுக்குள் இவர்களும் வருவார்கள். ஆனால் அக்கறை என்ற பெயரில் நடப்பதால் யாரும் கேட்பதில்லை. 4:35 சொல்வதுபோல் இரு தரப்பிலும் நடுவர் வைத்துப் பேச வரும்போது, அந்தத் தாயையும் அக்காவையும் கூடவே அழைத்து வாருங்கள்.