முகமில்லாத ஊர்விலக்கு

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், முந்திரியும் பலாவும் விளையும் காடாம்புலியூரைத் தாண்டினால் நெய்வேலி. அங்கே நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். அவர்கள் முறையிட ஒரு நிர்வாகம் இருக்கிறது. மறியல் செய்ய ஒரு வாசல் இருக்கிறது. உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு இவை இல்லை. காலையில் செயலியைத் திறக்கிறார், ஐடி பிளாக். ஏன் என்று கேட்டால், யார் எதைக் கேட்டாலும் வரும் அதே பதில் சாட்டில் வந்து விழுகிறது. வண்டிக்கடன் தவணையை அந்த மாதமும் கட்டியாக வேண்டும். நம் கிராமங்கள் கண்ட கொடுமைகளில் ஒன்று ஊர்விலக்கு. அதில்கூட, விலக்கியது யார் என்று விலக்கப்பட்டவருக்குத் தெரியும்.

இதைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மனிதர் மனிதராவது பிறரோடு கொண்ட உறவில்தான் என்கிறது ஆப்பிரிக்காவின் உபுண்டு அறம். அப்படியானால், ஒருவர் பிழைப்பை நிறுத்துகிறவர் அவருக்கு நேரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை அல்காரிதத்தின் தலையில் கட்டுவது உறவையே மறுப்பது. காடாம்புலியூருக்கு இது அந்நியச் சிந்தனை அல்ல. பக்கத்து வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சோறு பெறப் பசி ஒன்றே தகுதி. எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணச் சொன்ன அவரது ஆன்மநேய ஒருமைப்பாடும் இதே திசையில்தான் நிற்கிறது.

சமூக அறம் என்று சொல்லித்தானே ஊர்க்கட்டுப்பாடும் சாதியும் தனிமனிதரை நசுக்கின என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் இல்லாத எந்தச் சமூக அறத்தையும் ஏற்கக்கூடாது. ஆனால் 1995இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தபோது நீதிபதிகள் பலர் உபுண்டுவைத்தான் எடுத்துக்காட்டினார்கள். கொலை செய்தவருக்கும் மனித மாண்பு உண்டு என்பதற்கு அது துணை நின்றது. வள்ளலாரோ சாதியையே மறுத்தவர். இரண்டிலும் உரைகல், வெளியே தள்ளப்பட்டவரை நாம் நடத்தும் விதம்தான். பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். விலகும் சுதந்திரம் விளக்கம் கேட்கும் உரிமைக்கு ஈடாகாது. மோசடி செய்பவரை உடனே நிறுத்த வேண்டாமா என்றும் நிறுவனங்கள் கேட்கின்றன. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் பணிநீக்கம் கூடாது என்கிறது. பிறர் உடலுக்கு ஊறு நேரும் நிலைக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆகவே செய்ய முடியாததை யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாடு 2023இல், இப்படிச் செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் ஐடியை முடக்கும் அதிகாரத்தை இவை தொடவில்லை. காரணம் கேட்கும் உரிமையையும், அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரையும் உறுதிசெய்யும் சட்டத்தைப் பேரவை இயற்ற வேண்டும்.