மூக்கு சொல்லும் தீர்ப்பு

மதுரை மல்லியை ரசிக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம். ஆனால் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் கிடந்த பூவை விடியற்காலையில் ஒருமுறை மோந்து பாருங்கள். இனிப்புக்கு அடியில் ஏதோ கனத்து, லேசாக அழுகினது போல இருக்கும். அதில் இண்டோல் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. மலத்தின் வாடையிலும் அதே இண்டோல் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பூ, கூடிப்போனால் ‘ச்சீ’.

வாசனைத் திரவியங்களை ரசிக்கப் பழகுபவர்கள் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். பயிற்சி எளிமையானதுதான். காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு உடனே முகரணும். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. எலுமிச்சை போன்ற லேசானவை முதலில் பறந்துவிடும். பிறகு பூக்கள் தெரியும். சந்தனம், பிசின் போன்ற கனமானவை கடைசிவரை தங்கும். ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதணும். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ என்று மட்டும் எழுதக் கூடாது. ஈரமண்ணா, பழைய புத்தகமா, பென்சில் சீவலா, அதை எழுதணும்.

மூக்கு பழகும். முகரும் திறன் குறைந்தவர்களுக்காக ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட பயிற்சியில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கே மணங்கள். தினம் இரண்டு வேளை, 12 வாரம். பலருக்குத் திறன் கூடியது.

ஆக, இந்தப் பயிற்சியின் சாரம், தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. மனிதர்கள் விஷயத்தில் நமக்கு வராதது இதுதான். பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம். இன்றைக்கு அது வசவு. கீழ்த்தட்டு மக்கள் நாறுவார்கள் என்று சொல்லித்தான் தன் வர்க்கத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் எழுதினார். கருத்தோடு வாதாடலாம், குமட்டலோடு எப்படி வாதாடுவது? சாதிக்கு இது நன்றாகவே தெரியும்.

பயிற்சி இதை மாற்றிவிடுமா? தானாக மாற்றாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய புட்டியில் இண்டோலைக் கண்டுபிடித்து ‘என்ன ஆழம்!’ என்று சிலிர்ப்பவர், பஸ்ஸில் வேர்வையோடு பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். புட்டிக்குக் கொடுத்த பத்து நிமிடம் மனுஷனுக்குக் கிடைப்பதில்லை.

‘அப்போ சாக்கடை நாத்தத்தையும் ரசிக்கணுமா?’ என்று கேட்பீர்கள். வேண்டாம், அது இன்னும் பெரிய அயோக்கியத்தனம். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது கூமுட்டை வாடை அடிக்கும். அளவு ஏறினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று தோன்றும் அந்த இடத்தில்தான் உயிர் போகிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. இன்னமும் இறக்குகிறோம். உயிரோடு ஏறி வந்தவர் டீக்கடையில் நின்றால் நாலடி தள்ளி நிற்கிறோம்.

பழகிய மூக்கு காகிதப் பட்டையிடம் எப்போதும் ஒன்று கேட்கும்: இது எங்கேயிருந்து வருது? அந்த டீக்கடையில் நின்று அதையே கேட்டுப் பாருங்கள். பதில் அவர் உடம்போடு நிற்காது. குழாய் வழியே பின்னால் போய், நம் வீட்டுக் கழிப்பறையில்தான் நிற்கும்.