எம்.பி.பி.எஸ். போனால் போகட்டும்!

நீட் மதிப்பெண் வந்த அன்றே மூலையில் முடங்கிவிட்டாயா? எழுந்திரு!

டாக்டர் மட்டும்தான் உயிரைக் காப்பாற்றுவார் என்று யார் சொன்னது உனக்கு?

2015 ஆகஸ்ட் 26. கேரளத்தில் வைப்பின் தீவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போன பயணிகள் படகின் மேல் மீன்பிடிப் படகு மோதியது. கரை கண்ணெதிரே இருந்தது. 11 உயிர்கள் போயின!

தண்ணீரில் மூழ்கியவரை இழுத்துக் கரையில் போட்டால் வேலை முடிந்ததா? மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சாகத் தொடங்கும். அந்த நேரத்தில் எந்த டாக்டர் படகுத்துறையில் நிற்பார்?

நீ நிற்கலாம்!

முதலில் மூச்சுக் கொடு. பிறகு நெஞ்சின் நடுவே அழுத்து. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவர் என்றால் குறைந்தது 5 செ.மீ. ஆழம். விலா எலும்பு முறியுமோ என்று பயமா? முறிந்த விலா சேரும். போன உயிர் திரும்புமா?

2004 வரை வைப்பின்காரருக்கு நெஞ்சுவலி வந்தால் எறணாகுளம் போகப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு தீவை நகரோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. சரி, பாலத்து நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கினால்? வண்டிக்குள் இருப்பவர்தான் அப்போது ஆஸ்பத்திரி!

அதற்குத்தான் பட்டப்படிப்பே இருக்கிறது. பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 3 ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. டாக்டர் சீட் கிடைக்காதவனுக்கு ஆறுதல் பரிசா இது? அப்படி நினைத்தால் இந்தப் பக்கமே வராதே!

சம்பளம் குறைவு என்கிறாய். பல இடங்களில் உண்மைதான், மறைக்க மாட்டேன். படித்துவிட்டுச் சண்டை போடு! படிக்காமலே புலம்பாதே!

"அப்பா முனம்பம் துறையில் மீன்பிடிப் படகுக்குப் போகிறார். நானெல்லாம்..." நிறுத்து! ஒதுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள், கேள்!

1967. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். அங்கே நோயாளியைப் போலீஸ் வேன் அள்ளிப் போட்டுக்கொண்டு போன காலம். வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களை டாக்டர் பீட்டர் சஃபார் கூப்பிட்டு உட்கார வைத்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் அவர்களில் உண்டு. உடற்கூறியல் படித்தார்கள். ஓடும் வண்டியிலேயே சிகிச்சை தந்தார்கள். 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அந்த ஆம்புலன்ஸ் அணியின் பாடமே பின்னால் அந்த நாட்டுப் பாராமெடிக்குகளுக்கு வழிகாட்டியது!

அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே என்கிறாயா? அட, சாக்கு தேடுவதில் நீ முதல் ரேங்க்!

உன் பிளஸ் டூ உயிரியல் புத்தகம் எங்கே? பரணிலா? இறக்கு! சுவாசப் பாடத்தை எடு. இன்றைக்கே!