தண்ணீர் ஊற்றி வைத்த சோறு

இரவு பத்து மணிக்கு மேல். திருவொற்றியூரில் ஒரு சந்து. எங்கோ ஒரு வீட்டில் கரண்டி குண்டானின் அடியைச் சுரண்டுகிறது.

சுரண்டல் நிற்கிறது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். தட்டு வைத்து மூடும் சத்தம்.

காலைச் சாப்பாட்டு வேலை முடிந்தது.

*

மூடிக்குள் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

சோற்றிலும் பாத்திரத்திலும் கையிலும் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்கின்றன. லாக்டிக் அமிலம் ஊறுகிறது. தெளிந்த தண்ணீர் கலங்குகிறது. புழுக்கமான இரவில் வேகம் கூடுகிறது. மார்கழியில் சோம்பல்.

விடியும்போது ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. விரல் விட்டால் பருக்கை குளிர்ந்து, பருத்து, தனித்தனியாக நிற்கிறது. மெல்லிய புளிப்பு வாசம்.

*

தண்ணீர் காணாத சோற்றின் கதை வேறு. அக்னி நட்சத்திர நாளில் காலையில் வடித்தது மாலைக்குள் நூல் விடுகிறது.

சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் வித்து, உலை கொதித்தாலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும் நேரத்தில் அது முளைத்து நஞ்சு கக்குகிறது. திரும்பச் சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போவதில்லை.

பழையதுக்கும் ஊசிப்போனதுக்கும் நடுவே ஒரு சொம்புத் தண்ணீர், சில மணி நேரம், ஒரு மூக்கு.

மூக்கு குனிகிறது. ஒரு விநாடி யோசிக்கிறது. நிமிர்கிறது.

*

எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மணலிப் பக்கம் வானத்தில் ஒரு தீ நாக்கு.

ஒரு வண்டிக்கு அடியில் ஸ்டவ். கிளீனர் பையன் வடித்த சோற்றில் பாதியைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான். விடிவதற்குள் வரிசை நகராது என்று அவன் முடிவு செய்துவிட்டது தெரிகிறது.

*

55 கிலோ.

இந்தியாவில் ஒரு ஆளுக்கு, ஒரு வருஷத்துக்கு, வீடுகளிலிருந்து மட்டும் குப்பைக்குப் போகும் உணவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்லும் மதிப்பீடு. உலகச் சராசரி 79.

மளிகைக் கடையில் அரிசிச் சிப்பம் இப்போது 26 கிலோ. இரண்டு சிப்பம், மேலே மூன்று கிலோ.

அந்தக் கணக்கில் மீன் முள்ளும் சேர்த்தி. வாழைப்பழத் தோலும், முட்டை ஓடும். அது தெரிந்ததும் எண் கொஞ்சம் இளகுகிறது. பிறகும் அங்கேயே நிற்கிறது.

*

ஒரு வீட்டில், இங்கே ஒன்றும் வீணாவதில்லை என்கிறார்கள். பெருமையாகத்தான்.

மீந்தது எங்கே போகிறது என்று கண் தொடர்கிறது.

எல்லோரும் கை கழுவிய பிறகு ஒருவர் அடுப்படியில் நிற்கிறார். பேரன் கடித்து வைத்த இட்லி. மகன் ஒதுக்கிய கத்தரிக்காய். ரசத்தின் அடிமண்டி. நேற்றுப் பொரித்த வாளையின் வால் துண்டு. எல்லாம் ஒரே கிண்ணத்தில் சேர்கின்றன. அவர் உட்காரவில்லை. நின்றபடியே சாப்பிடுகிறார். ஒரு கை சாப்பிடுகிறது. இன்னொரு கை மேடையைத் துடைக்கிறது.

"கொட்ட மனசு வரல."

பசிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

ஜன்னல் விளிம்பில் சர்க்கரை மாத்திரை அட்டை. ஓரம் வெட்டப்பட்டு, இரண்டு மாத்திரை மிச்சம்.

55 கிலோவில் இந்தக் கிண்ணம் சேராது. வயிற்றுக்குள் போனதை எந்த அறிக்கையும் வீண் என்று எழுதாது.

*

கிண்ணம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

*

காலை. நேற்றைய மீன் குழம்பு மறுபடி அடுப்பில்.

மண்சட்டி. தீ மிகச் சிறிது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நடுவில் ஒரு குமிழ். அது உடையும் இடத்தில் எண்ணெய் கண் திறக்கிறது. மாங்காய்த் துண்டு கரைந்து உருவம் இழந்துவிட்டது. மீன் நேற்றிரவே தீர்ந்துவிட்டது. இருப்பது குழம்பு மட்டும்.

சுண்டுகிறது. கரண்டி இழுத்த தடம் மூடிக்கொள்ள நேரம் எடுக்கிறது.

நேற்று இது குழம்பு. இன்று தொட்டுக்கொள்ள.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புளியும் உப்பும் ராத்திரி முழுக்க வேலை செய்கின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த ருசி வராது என்றும் சொல்வார்கள். அதில் பாதி ஞாபகத்தின் ருசியாக இருக்கலாம்.

*

ராயபுரத்தை ஒட்டி, பழைய ஜெயில் ரோடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் காலைக் கூட்டம். கையில் பிளாஸ்டிக் கவர், கவரில் எக்ஸ்ரே, இன்னொரு கவரில் தூக்கு.

1782. ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்து வந்த பஞ்சம். பட்டினியோடு பட்டணத்துக்குள் வந்தவர்களுக்கு இங்கே ஒரு சத்திரத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள். மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு நோயும் இருக்கிறது. சத்திரத்தோடு வைத்தியம் சேர்கிறது. வைத்தியம் வளர்ந்து ஆஸ்பத்திரி ஆகிறது. ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் 1930-களில்தான் வருகிறது.

வயதானவர்கள் வாயில் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.

2021. அதே ஆஸ்பத்திரியின் குடல் அறுவை சிகிச்சைத் துறை பழைய சோற்றை ஆராயப் புறப்படுகிறது. அப்போது துறையை நடத்தியவர் மருத்துவர் ஜெஸ்வந்த். தமிழ்நாடு அரசு 2 கோடியே 70 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது. நாள்பட்ட குடல் அழற்சிக்காரர்களுக்கு இந்தப் புளித்த சோறு என்ன செய்கிறது என்பது கேள்வி.

ஒரு குப்பியில் நீராகாரம். குப்பி மேல் ஒரு எண். மனசு அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கிறது.

பழையது சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று வகுப்பில் சொல்லக் கூசிய ஒரு தலைமுறை இந்தத் தெருக்களிலேயே இருக்கிறது. இப்போது ஓட்டலில் மண்சட்டியில் வைத்துத் தருகிறார்கள். பக்கத்தில் மோர்மிளகாய், சின்ன வெங்காயம். விலையைக் கேட்டு ஒரு பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

*

இன்னொரு பஞ்சம். 1877. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்கிறார் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். சுமார் 450 கிராம். போதாது என்கிறார் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ்.

அந்த நாட்களில் பட்டணத்துக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன. காவல் நிற்கிறது.

அலை வருகிறது. போகிறது.

*

அரிசி களைந்த தண்ணீர் வாளியில். காய்த் தோல் அதிலேயே. மாட்டுக்காரர் எடுத்துப் போக இன்னும் வரவில்லை. மாடு மட்டும் வந்துவிட்டது.

*

காசிமேடு. ஏலம் முடிந்துவிட்டது. கூடையின் அடியில் விலை போகாத மீன்கள். காரப்பொடி. கொஞ்சம் நெத்திலி. வெயில் ஏற ஏறக் கண் மங்குகிறது.

ஒரு அம்மா உட்கார்ந்த இடத்திலேயே வேலையைத் தொடங்குகிறார். வயிறு கீறி, குடல் எடுத்து, உப்பு அடைத்து. பொடி மீனுக்கு அந்தப் பாடு இல்லை. விரிப்பில் அப்படியே பரப்புகிறார். அகலமான கையால் ஒரே வீச்சு. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறார். ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் நடுவில் அழுகும்.

காக்கையை விரட்ட ஒரு குச்சி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்போது இந்த உப்பு வெளியே வரும். பழைய சோற்றோடு சுட்ட கருவாடு. மீந்த சோறும் மீந்த மீனும் ஒரே தட்டில் சந்திக்கும்.

நகரத்தின் வேறு பக்கத்தில் கருவாடு சுட்டால் வாடகை வீட்டில் பேச்சு வரும். இங்கே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு கேட்டு ஆள் வரும்.

*

2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படர்கிறது. வலை கறுக்கிறது. படகு கறுக்கிறது. இந்தப் பக்கத்து மீன் என்றால் வாங்குகிறவர்கள் கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பிடிச் சோற்றைக் கொட்ட மனம் வராத வீடுகள்.

இந்த இழப்பை எழுத எந்தக் கணக்குப் புத்தகம் என்று தெரியவில்லை.

*

திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. உள்ளே குளிர்ச்சி. வெளியே மீன் வாடையோடு காற்று.

அவருடைய சீடர் பத்திரகிரியாரின் கதை நினைவுக்கு வருகிறது. ராஜ்ஜியத்தை விட்டு வந்தவர். திருவோட்டில் பிச்சை எடுத்து வந்து குருவுக்குக் கொடுக்கிறார். மீந்ததைத் தான் உண்கிறார். அதிலும் மீந்ததை ஒரு நாய் உண்கிறது. ஒருநாள் பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார் சொல்கிறார்: அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்.

திருவோடும் நாயும் இருந்ததால் சம்சாரி.

பத்திரகிரியார் திருவோட்டை வீசுகிறார். நாய் மேல் படுகிறது. நாய் செத்துப்போகிறது.

கதை சொல்பவர்கள் ஓடு உடைந்ததைச் சொல்லி மேலே போகிறார்கள். என் மனசு நாயிடமே நின்றுவிடுகிறது. அது மீதியை நம்பி வந்தது.

*

மாநகராட்சியின் பேட்டரி வண்டி வருகிறது. மக்கும் குப்பை தனியா, மக்காத குப்பை தனியா என்று வண்டியில் வரும் அம்மா கேட்கிறார். கேட்டுக் கேட்டுக் குரல் தேய்ந்திருக்கிறது.

பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்ட பிரியாணி ஒன்று விழுகிறது. யார் வீட்டு விசேஷமோ. முடிச்சு இறுக்கமாக இருக்கிறது.

வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, பல பத்தாண்டுகளாக. 300 ஏக்கருக்கு மேல். காற்றுப் புகாத அடியில் சோறு அழுகி மீத்தேன் ஆகிறது. வெயில் காலத்தில் சில நாள் அது தானே பற்றிக்கொள்கிறது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள்.

கொக்குகள் வெள்ளையாகவே இருக்கின்றன.

*

ஃப்ரிட்ஜ் வந்த பிறகு மீதிக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. அங்கே வைத்தால் மறந்துவிடுகிறது.

மேல் தட்டில் ஒரு டப்பா. திறந்தால் சாம்பார். எந்த நாள் சாம்பார் என்று வீட்டில் மூன்று பேர் மூன்று கிழமை சொல்கிறார்கள்.

அதற்குப் பின்னால் புளித்த மாவு. அது தப்பித்துவிட்டது. வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டால் ஊத்தப்பம். இன்னும் புளித்தால் பணியாரம். அதற்கு மேல் புளித்தால் ரவை கலந்து ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் இல்லை. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

*

மதியம். பீர்க்கங்காய் கூட்டுக்குப் போய்விட்டது. தோல் முறத்தில் கிடக்கிறது. நரம்பை மட்டும் சீவி எறிகிறார். மற்றது வாணலியில். ஒரு கரண்டி நல்லெண்ணெய், உளுந்து, மூன்று மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி.

பச்சை நிறம் முதலில் ஒளிர்கிறது. பிறகு அடங்குகிறது.

துவையல் இரண்டு நாளைக்கு வரும் என்கிறார். மிக்ஸியில் போட்டு மூடியை அழுத்தும்போது கரண்ட் போகிறது.

அம்மி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, செருப்புகளுக்குப் பின்னால். அதை யார் இழுத்துப் போடுவது என்று பேச்சு நடக்கிறது.